11 டெசிபல் பொய்

டி.வி.யில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். மாமியார்க்காரி பல்லைக் கடித்துக்கொண்டு மருமகளிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று தெரிந்தே ஆகவேண்டுமே! ரிமோட்டில் நாலு புள்ளி ஏற்றுவீர்கள். அப்போது பார்த்து விளம்பரம் வரும். சோப்புத் தூள் விற்கிறவன் உங்கள் செவிப்பறையிலேயே துணியை அடித்துத் துவைப்பான். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

விளம்பரம் வந்ததும் சேனல்காரன் வால்யூமைத் திருகி விடுகிறான் என்று பலர் நினைக்கிறார்கள். அவ்வளவு எளிய அயோக்கியத்தனம் இல்லை ஸார் இது. சீரியலின் உச்ச சத்தமும் விளம்பரத்தின் உச்ச சத்தமும் மீட்டரில் ஒரே அளவாகக்கூட இருக்கலாம். சீரியலில் அந்த உச்சத்தை எப்போதாவது, யாராவது யாரையாவது கன்னத்தில் அறையும்போதுதான் தொடுவார்கள். விளம்பரம் 30 செகண்டும் அங்கேயே குடித்தனம் நடத்தும். அமெரிக்காவில் இதைத் தடுக்க 2010-ல் சட்டமே போட்டு, 2012 டிசம்பரிலிருந்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சட்டத்தின் பெயரைச் சுருக்கினால் 'காம்', அதாவது அமைதி. பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச முடியாது.

ஒலியை அப்படி உச்சத்திலேயே உட்கார வைக்கப் பயன்படுகிற சாதனத்துக்குப் பெயர் கம்ப்ரஸர். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் உறுமுகிற சமாசாரம் இல்லை. இது பாட்டு மிக்ஸ் பண்ணுகிறவர்களின் பெட்டி. இப்போதெல்லாம் பெட்டிகூட இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஒரு படம்.

வேலை ரொம்ப சுலபம். ஒரு வரம்பு வைப்பீர்கள். சத்தம் அதற்குக் கீழே இருக்கும்வரை கம்ப்ரஸர் சும்மா இருக்கும். தாண்டினால் அமுக்கும். எவ்வளவு அமுக்குவது என்பதற்கு ஒரு விகிதம். 4-க்கு 1 என்று வைத்தால், வரம்பை 8 டெசிபல் தாண்டுகிற குரல் 2 டெசிபல் மட்டும் தாண்டும். பாடகர் திடீரென்று உச்சஸ்தாயியில் அலறினாலும் ஸ்பீக்கர் கிழியாது. 1930-களில் ரேடியோ நிலையங்களுக்காக இந்த மாதிரி சாதனங்கள் வந்தன. பிறகு ரிகார்டிங் ஸ்டூடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பீட்டில்ஸ் பாடிய அபே ரோடு ஸ்டூடியோவில் ஃபேர்சைல்ட் என்ற அமெரிக்கப் பெட்டி இருந்தது. அந்தக் கம்பெனியின் 670 என்ற மாடலில் 20 வால்வுகள், கூடவே ஒரு கூட்டம் டிரான்ஸ்ஃபார்மர்கள். தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். 60-களில் வந்த எல்.ஏ.2ஏ இன்னும் வேடிக்கை. பாட்டின் மின்சாரம் உள்ளே ஒரு தகட்டை ஒளிரவைக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு ஒளி உணரி சத்தத்தைக் குறைக்கும். வெளிச்சம் அணைய கொஞ்சம் நேரமாகும் பாருங்கள், அதனால் குரலை நிதானமாக, தாய்மாமன் மாதிரி அதட்டும். அதில் முக்கியமான குமிழ்கள் இரண்டே இரண்டு. ஒன்று எவ்வளவு அமுக்குவது. இன்னொன்று, அமுக்கிய பிறகு எவ்வளவு ஏற்றுவது.

இந்த இரண்டாவது குமிழ்தான் இந்த வாரம் நம் பேச்சு.

அமுக்கினால் மொத்த சத்தம் குறையும் இல்லையா? அதை ஈடுகட்ட எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கவேண்டும். இதற்கு மேக்கப் கெய்ன் என்று பெயர். இழந்ததை ஈடுகட்டுவது என்றுதான் அர்த்தம். ஆனால் கல்யாண ஹால் மேக்கப் என்று எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை. பூசியது அளவோடு இருந்தால் லட்சணம். அதிகமானால் மணப்பெண்ணையே அடையாளம் தெரியாது.

நம் காதுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, ஒன்றைக் கொஞ்சமே கொஞ்சம் சத்தமாக வைத்தால், "இது சத்தம்" என்று சொல்லமாட்டோம். "இது நல்லாருக்கு, பளிச்சுனு இருக்கு" என்போம். ஒரு டெசிபல் போதும், சில சமயம் அதற்கும் குறைவு. 1933-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் காது எந்த ஸ்ருதியை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று வளைகோடுகள் போட்டுக் காட்டினார்கள். மெதுவாக ஒலிக்கும்போது கீழ் ஸ்ருதிகள் நம் காதில் ரொம்பவே மங்கிவிடும். உச்சியில் இருப்பதும் கொஞ்சம் மங்கும். வால்யூமை ஏற்ற ஏற்ற இரண்டும் எழுந்து வரும். மிருதங்கத்தின் தொப்பி பக்கம் உருண்டையாகும், ஜால்ரா மின்னும். பாட்டில் ஒன்றுமே மாறவில்லை, மாறினது நம் காது. ஸ்பீக்கர் விற்கிற கடைகளில் எதை விற்கவேண்டுமோ அதை ஒரு சுற்று ஏற்றி வைத்துப் பாடவிடுகிற வித்தை இதை நம்பித்தான். நானும் ஒரு கடையில் அப்படி ஒரு மத்தியானம் நின்றிருக்கிறேன். "ஸார், டிஃபரன்ஸ் தெரியுதா?" என்றார். குமிழ் மேலிருந்த அவர் கை நன்றாகவே தெரிந்தது.

ஆக, கம்ப்ரஸர் போட்டதால் பாட்டு நன்றாகிவிட்டதா, இல்லை வெறுமனே சத்தமாகிவிட்டதா? போட்டதும் போடாததும் ஒரே சத்தத்தில் இருந்தால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியும். சந்தையில் காய்கறிக்காரம்மா நிறுக்கும் முன் காலித் தட்டுகளைச் சமமாக நிறுத்திக் காட்டுவாரே, அந்த நாணயம் இங்கேயும் வேண்டும்.

சோம்பேறிகளுக்காக சாஃப்ட்வேர்க்காரர்கள் ஒரு பட்டன் வைத்தார்கள். ஆட்டோ மேக்கப். அமுக்கின அளவுக்குத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். ரீப்பர், க்யூபேஸ் இரண்டிலும் கூடவே வருகிற கம்ப்ரஸர்களில் உண்டு. லாஜிக் ப்ரோவில் ஆஃப், 0, மைனஸ் 12 என்று மூன்று நிலைகளே கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோ என்றதும் நம்மவர்களுக்கு ஒரு நம்பிக்கை. (தெருவில் ஓடுகிற ஆட்டோவிடம் அந்த நம்பிக்கை இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

இந்த பட்டன் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்த கதையைச் சொல்லவேண்டும்.

என் மச்சினன் வாரத்தில் ஐந்து நாள் கணக்கு எழுதுகிறான். மீதி இரண்டு நாள் ஹெட்ஃபோனைக் கழற்றமாட்டான். 2022 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அம்மாவை, அதாவது என் அத்தையை, உட்காரவைத்து மைக் முன்னால் பாடச் சொன்னான். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி என்று 9 பாட்டு. அவர் தன் அம்மாவிடம் கேட்டுக் கற்றது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஃபேனை நிறுத்து என்றால் "மே மாசத்துலயா? போடா" என்றுவிட்டார். ஃபேனும் கூடவே பாடியது.

அடுத்த வருஷம் அத்தைக்குத் தைராய்டு ஆபரேஷன். உயிருக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார், நம்மைவிட வேகமாக நடக்கிறார். பேச்சும் சரியாகிவிட்டது. ஆனால் பாடும்போது மேல் ஸ்தாயி மட்டும் திரும்பி வரவில்லை. தொண்டையில் கை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ஆக, அந்த 9 பாட்டு 9 பாட்டுதான். பத்தாவது கிடையாது.

அவருடைய 75-வது பிறந்த நாளுக்கு எல்லாவற்றையும் மிக்ஸ் பண்ணி, பேரன் பேத்திகளுக்குப் பென்டிரைவில் கொடுப்பதாக ஏற்பாடு. மச்சினன் கம்ப்ரஸர் போட்டு, ஆட்டோ பட்டனை அமுக்கி, வீட்டில் 5 பேரை உட்காரவைத்து முன்பு, பின்பு என்று போட்டுக் காட்டினான். ஐந்துக்கு ஐந்தும் பின்புக்கே ஓட்டு.

"அத்தான், ஒரிஜினலை அழிச்சுடலாம்னு இருக்கேன். டிஸ்க் ரொம்பிடுச்சு. இனிமே அது எதுக்கு?"

"இருப்பா. ரெண்டு நாள் பொறு. உன் செட்டிங்கைக் காட்டு."

காட்டினான். வரம்பு மைனஸ் 20 டெசிபல். விகிதம் 4-க்கு 1. இந்தக் கணக்கை மட்டும் பொறுமையாகக் கேளுங்கள், சின்னதுதான். டிஜிட்டலில் உச்சம் என்பது 0. அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். அவன் வைத்திருந்த பட்டன் என்ன செய்கிறதென்றால், '0 அளவில் ஒரு சத்தம் வந்தால், அமுக்கின பிறகும் 0-விலேயே வெளியே போகட்டும்' என்று கணக்குப் போடுகிறது. 0 என்பது வரம்பை 20 தாண்டியது. நாலில் ஒரு பங்கு, 5. ஆக 15 டெசிபல் அமுக்கல். எனவே மொத்தப் பாட்டையும் 15 டெசிபல் தூக்கிவிடுகிறது.

ஆனால் அத்தை எங்கே 0-வில் பாடினார்? அவருடைய அதிகபட்ச வரியே மைனஸ் 12. வரம்பை 8 தாண்டி 2 ஆகி, மைனஸ் 18-க்கு இறங்குகிறது. அமுக்கியது 6-தான். பட்டன் கொடுத்த ஈடு 15. மெதுவாகப் பாடுகிற வரிகள் மைனஸ் 25-ல் இருக்கின்றன. வரம்பையே தொடவில்லை, இழந்தது பூஜ்யம். அதற்கும் ஈடு 15! வெள்ளம் வராத தெருவுக்கும் நிவாரணம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தம் என்பார்கள். அப்படியானால் 15 எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனும் 15 டெசிபல் பிரமோஷன் வாங்கிக்கொண்டு முன் வரிசைக்கு வந்துவிட்டது.

எல்லாப் பட்டனும் இதே கணக்கில்லை. சிலது பாதிதான் கூட்டும். எப்படி இருந்தாலும் இந்த ரகங்கள் குமிழ் எங்கே நிற்கிறது என்று பார்க்கின்றன, பாட்டைக் கேட்பதில்லை. புதிதாக வந்தவற்றில் சில, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நிஜமாகவே அளந்து சமன் செய்கின்றன. அவை எவ்வளவோ தேவலை. ஆனால் அதிலும் ஒரு சங்கடம். வேகமாகச் சமன் செய்தால் கம்ப்ரஸர் அமுக்குவதை இது பின்னாலேயே போய்த் தூக்கிவிடும். ஒருத்தர் மாவாட்ட, ஒருத்தர் தண்ணீர் ஊற்றுகிற கதை.

அதனால் பட்டனை அணைத்துவிட்டுக் கையால் செய்தோம். பைபாஸ் என்று ஒரு சுவிட்ச் உண்டு. பயப்படாதீர்கள், நெஞ்சைப் பிளக்க மாட்டார்கள். கம்ப்ரஸரைச் சுற்றிக்கொண்டு பாட்டை நேராக அனுப்புகிற புறவழிச் சாலை. அதைப் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, இரண்டும் ஒரே சத்தம் என்று காது சொல்கிறவரை மேக்கப் குமிழைத் திருகவேண்டும். மச்சினன் மீட்டரில் உச்சங்களைச் சமப்படுத்தப் போனான். வேண்டாம் என்றேன். கம்ப்ரஸர் வெட்டுவதே உச்சங்களைத்தான். வெட்டின தலையையும் வெட்டாத தலையையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால், வெட்டினவனின் தோள் மேலே போய்விடும். சராசரியைத்தான் பார்க்கவேண்டும். அதற்கு எல்.யு.எஃப்.எஸ். என்று ஒரு அளவு இருக்கிறது. காது உணர்கிற மாதிரி நிறுத்து அளக்கிற முறை, 2006-ல் சர்வதேசத் தரமாக வந்தது. மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அது பக்கத்தில் கொண்டுவந்து விடும். கடைசி அரை டெசிபலைக் காதுதான் முடிக்கவேண்டும்.

எந்த வரியில் சமப்படுத்துவது? இங்கேதான் சிக்கல், இதற்கு எந்த பட்டனிடமும் பதில் இல்லை. அத்தையின் மெல்லிய வரிக்கும் உரத்த வரிக்கும் நடுவே ஒரிஜினலில் 13 டெசிபல். கம்ப்ரஸருக்குப் பின் 7. மெல்லிய வரியில் சமமாக்கினால் உரத்த வரி அடங்கிப்போகும். உரத்ததில் சமமாக்கினால் மெல்லியது வீங்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் சமமாக்க முடிந்தால் கம்ப்ரஸர் ஒன்றுமே செய்யவில்லை என்று அர்த்தம். பாட்டில் எந்த இடம் முக்கியம் என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். தாலாட்டில், பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வருகிற வரியை எடுத்துக்கொண்டோம். அதில் காதுக்குச் சமமாக வந்தபோது குமிழ் 4-ல் நின்றது. பட்டன் கொடுத்தது 15. மீதி 11 டெசிபல்தான் அன்றைக்கு ஐந்து ஓட்டையும் வாங்கியிருந்தது.

மறுபடி அதே ஐந்து பேர். என் மனைவி, அவள் அக்கா, மச்சினன், அவன் மனைவி, 12 வயதுப் பெண். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். எது எது என்று தெரியாமல் "ஒண்ணு", "ரெண்டு" என்று மட்டும் சொல்லிப் போட்டேன். பாட்டுக்குப் பாட்டு வரிசையை மாற்றினேன். (தனியாக இருந்தால் இதற்கு ஒரு வழி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பைபாஸை எண்ணிக்கை மறக்கிறவரை தட்டுங்கள். பிறகு கேளுங்கள். எது எது என்று சொல்ல முடியவில்லையா? அந்தக் கம்ப்ரஸரைக் கழற்றிவிட்டுக் காபி சாப்பிடப் போகலாம்.)

தாலாட்டுக்கு 4-க்கு 1 ஓட்டில் ஒரிஜினல் ஜெயித்தது. அக்கா, "இதுல அம்மா மூச்சு விடறது கேக்குது" என்றாள். அத்தை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் குரலைத் தேயவிடுவார். குழந்தை தூங்கிவிட்டதோ என்று பார்க்கிற மாதிரி. ஒரிஜினலில் அந்தக் குரல் கிட்டத்தட்ட காணாமல் போகும். கம்ப்ரஸ் செய்ததில் தேயவே இல்லை, கடைசி எழுத்துவரை பக்கத்தில் நின்று பேசியது. என் மனைவி, "இப்படிப் பாடினா எந்தக் குழந்தை தூங்கும்?" என்றாள். மச்சினன் ஹெட்ஃபோனை வாங்கி அந்த ஒரு வரியை மட்டும் நாலு தடவை கேட்டான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரிஜினலை இரண்டாவது டிஸ்க்கில் காப்பி எடுக்க ஆரம்பித்தான்.

கம்ப்ரஸர் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. கும்மிப் பாட்டில் அதுதான் ஜெயித்தது, சமப்படுத்திய பிறகும். அத்தை தானே கை தட்டிக்கொண்டு பாடியிருந்தார். தட்டுக்கள் பட் பட்டென்று மேலே எழும்பிக் குரலை மறைத்தன. கம்ப்ரஸர் அவற்றை அமுக்கியதும் வார்த்தைகள் வெளியே வந்தன. ஐந்து ஓட்டும் அதற்கே. இந்த ஐந்து நியாயமான ஐந்து.

"சத்தம் பத்தாம இருந்தா யூட்யூப்ல எடுபடாதே அத்தான்?" என்று ஒரு சந்தேகம் கேட்டான். அந்தக் காலம் போய்விட்டது. சி.டி. காலத்தில் ஒருவனைவிட ஒருவன் சத்தமாக வெளியிடவேண்டும் என்று பெரிய யுத்தமே நடந்தது. 2008-ல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வந்தபோது, அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமில் சி.டி.யைவிட நன்றாகக் கேட்கின்றன என்று ரசிகர்களே கண்டுபிடித்துச் சண்டை போட்டார்கள். கேமுக்குக் கொடுத்ததில் அவ்வளவு நசுக்கல் இல்லை. இப்போது யூட்யூபும் ஸ்பாட்டிஃபையும் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவை ஒட்டிச் சமப்படுத்திவிடுகின்றன. அதற்கு மேல் கத்துகிற பாட்டை அவர்களே இறக்கிவிடுவார்கள். நசுக்கி வாங்கின சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

கடைசியில் ஒரு பாட்டுக்குக் கம்ப்ரஸர், எட்டுப் பாட்டுக்குக் கிடையாது. எல்லாவற்றையும் முடித்து, பிறந்த நாளைக்கு முந்தின சாயங்காலம் அத்தையைக் கூடத்தில் உட்காரவைத்துத் தாலாட்டைப் போட்டோம். மச்சினன் பிரத்யேகமாக ஃபேனை நிறுத்தியிருந்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதல் சரணம் முடிந்தது. கண்ணைத் திறந்தார்.

"நல்லாருக்கு மாப்பிள்ளை. கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்களேன்."

மச்சினன் என்னைப் பார்த்தான். எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரில் ஒரு சுற்று ஏற்றினான்.